மணி இன்னும் அடிக்கவில்லை

கோல்ஃப் மைதானத்தில் ஆறாவது குழிக்குப் பந்து அடிக்கிற மேட்டில் நின்றுகொண்டு பூங்கோதை பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். எந்த மட்டையை எடுப்பது என்று தெரியாமல் இல்லை. ஏழாம் நம்பர்தான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனாலும் துழாவினாள். ஒன்றை உருவி, அதன் முகத்தைத் துண்டால் துடைத்து, நம்பரைப் படிக்கிற மாதிரி கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, உதட்டைப் பிதுக்கித் திரும்பவும் உள்ளே சொருகினாள். இப்படி மூன்று தரம் ஆகிவிட்டது. கீழே ஒன்றும் தெரியவில்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பளிச்சென்று இருந்த மலை, ஐந்தாவது குழி முடிகிறதற்குள் பாலை ஊற்றின மாதிரி ஆகிப்போச்சு. சரிவு எங்கே, சவுக்கு மரம் எங்கே, கொடி எங்கே, எல்லாம் போன இடம் தெரியவில்லை. மூடுபனி வந்தால் இந்தக் குழிக்கு ஒரு ஏற்பாடு உண்டு. கீழே கொடி நிற்கிற புல்தரையை, அதாவது கிரீனை, விட்டுப் போகிறவர்கள், பக்கத்து மரத்தில் தொங்குகிற பித்தளை மணியைக் கயிற்றைப் பிடித்து இரண்டு தரம் அடித்துவிட்டுப் போக வேண்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மேலே இருப்பவர்கள் அடிக்கலாம். எந்தக் காலத்திலோ யாரோ போட்ட ஏற்பாடு, இன்றைக்கும் அதுதான். மணி இன்னும் அடிக்கவில்லை. அதனால் பூங்கோதை துழாவினாள். மணி அடிக்கிற வரைக்கும் துழாவுவதென்று தீர்மானித்திருந்தாள். பொம்பளைக்கு ஒரு சாமான் எடுக்க இத்தனை நேரமா என்று உலகம் நினைத்துக்கொள்ளட்டும், நினைக்கத்தான் செய்கிறது, அதையும் ஒரு நாளைக்கு உபயோகப்படுத்திக்கொண்டால் என்ன?

அவள் புருஷன் சென்னியப்பன் பக்கத்தில் நின்று ஒரு காலை மாற்றி ஒரு காலில் கனத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். அறுபத்திநாலு வயசு, கோயமுத்தூரில் மில், இங்கே மலையில் ஒரு பங்களா, கிளப்பில் முப்பது வருஷ மெம்பர், பொறுமை மட்டும் கடவுள் கொடுக்க மறந்துவிட்டார். முன்னால் போகிற நாலு பேரைப் பற்றி முதல் குழியிலிருந்து பொரிந்து தள்ளிக்கொண்டு வருகிறார். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. யாரோ மெம்பரின் விருந்தாளிகள், பையில் பாட்டுப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு குத்துப்பாட்டோடு ஆடுகிறார்கள், கிரீன் மேலே நின்று தோளில் கை போட்டு போட்டோ எடுக்கிறார்கள், பின்னால் ஆள் காத்துக்கொண்டு நிற்கிறதே, கொஞ்சம் ஒதுங்கி அவர்களை முன்னால் விடுவோம் என்கிற மரியாதை கிடையாது. மேனர்ஸ் கெட்ட பசங்க, என்றார் சென்னியப்பன். பூங்கோதை ஆமாங்க என்றாள். சொல்லிவிட்டு உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பந்து மணல்குழியில் விழுந்து, இறங்கி அடித்துவிட்டு ஏறினால் தன் காலடித் தடத்தை அவர் ஒரு நாளும் பலகையால் இழுத்துச் சமன் பண்ணினதில்லை. அதுக்கு ஆள் இருக்குது என்பார். அடுத்தவர் குறி பார்த்து மூச்சடக்கி நிற்கும்போதுதான் அவருக்கு நூல் விலை ஞாபகம் வரும். முன்னால் போகிறவர்கள் இன்னும் நகரவில்லை என்று தெரிந்தும் அடித்து, அவர்கள் காலடியில் பந்து விழுந்து அவர்கள் திரும்பிப் பார்த்தால், சீக்கிரம் நடங்கப்பா என்று கையை ஆட்டுவார். வாயை விட்டு ஃபோர் என்று ஒரு குரல் கொடுக்க மாட்டார். பந்து ஆள் இருக்கிற பக்கம் போனால் ஃபோர் என்று கத்த வேண்டும், இந்த ஆட்டத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். கத்தினால் தப்பாக அடித்துவிட்டோம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா, அதனால் கத்த மாட்டார். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தால் இதெல்லாம் தெரியாமலா போகும்.

கோதை, எடுத்து அடிச்சுப்போடு, உன்ற பந்து அங்க வரைக்குமா போகப்போகுது, என்றார். முன்பெல்லாம் அது நிஜம். அவருடைய பழைய மட்டைகளைத்தான் அவள் வைத்திருந்தாள். இரும்புத் தண்டு, கடப்பாரைக் கனம், மேலே ஒரு அங்குலம் அறுத்துப் பிடியை மாற்றிக் கொடுத்து, இது போதும் உனக்கு என்றார். இருபது வருஷம் அதை வைத்து அடித்துத் தோள்பட்டையில் வலி வந்ததுதான் மிச்சம். நூறு கஜம் தாண்டாது. நமக்கு அவ்வளவுதான் தெம்பு என்று அவளும் நம்பிவிட்டாள். போன மாசம், கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டிரைவரோடு கோயமுத்தூர் போனவள், ஆர்.எஸ்.புரத்தில் கோல்ஃப் சாமான் விற்கிற ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. உள்ளே ஏ.சி. சில்லென்று, புது ரப்பர் வாசனை. கடைக்காரன், சாருக்குப் பிறந்தநாளுங்களா மேடம் என்று கேட்டான். எனக்குத்தான் என்று சொல்ல அவளுக்கு நாக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நகைக் கடையில் நாலு மணி நேரம் உட்கார்ந்து அதைக் காட்டு இதைக் காட்டு என்று சொன்னவள்தான். ஆனால் இது வேறே. அவன் அவள் கையின் நீளத்தை அளந்தான், உயரத்தை அளந்தான், உள்ளங்கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தான். அவள் கையை ஒருத்தர் அவளுக்காக அளந்து பார்த்தது வளையலுக்கு அப்புறம் இதுதான். லேசான தண்டு, மெல்லிய பிடி. வலைக்கு முன்னால் நின்று அடித்தாள். பக்கத்திலிருந்த மெஷினில் நூற்று முப்பத்தெட்டு கஜம் என்று வந்தது. மெஷின் கெட்டுப்போச்சா தம்பி என்றாள். இல்லீங்க மேடம், இது நீங்க அடிக்கிறதுதான், இத்தனை நாள் வேற யாரோட மட்டையிலயோ அடிச்சிருக்கீங்க, என்றான். சும்மா வியாபாரத்துக்குச் சொன்னதாகத்தான் இருக்கும். ஆனாலும் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். சென்னியப்பன் பையைத் திறந்து பார்த்துவிட்டு, பொம்மைச் சாமான் என்றார். அவர் இருக்கும்போது அவள் அதை முழுசாக வீசி அடித்ததே இல்லை. கால் வீச்சு, அரை வீச்சு. நூற்று முப்பத்தெட்டை மடியில் முடிந்து வைத்துக்கொண்டாள். இந்த ஆறாவது குழி நூற்று முப்பது கஜம். அதுதான் இப்போது பயம். அவர் நினைக்கிற மாதிரி இல்லை, அவள் அடித்தால் அது போகும். நேரே போய் அங்கே விழும்.

அங்கே மங்காயி இருக்கிறாள். பனி மூடுகிறதற்குக் கொஞ்சம் முன்னால், சென்னியப்பன் குனிந்து பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கவாட்டுப் பாதையில் நீலக் கம்பளிச் சொட்டர் ஒன்று இறங்கிப் போவதைப் பூங்கோதை பார்த்தாள். தோளில் மணல் இழுக்கிற பலகை. இடது கை கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பி, நடக்கும்போது உடம்போடு சேராமல் தனியாக ஆடும். மைதானத்தில் மணல்குழிகளை இழுத்துச் சமன் பண்ணுகிற மங்காயிதான், வேறே யாருக்கு அப்படிக் கை. அவ கீழ இருக்காளுங்க, கொஞ்சம் பொறுங்க, என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. யாரு என்று கேட்பார். மங்காயி என்று சொல்ல வேண்டும். அங்கேதான் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. பதினெட்டு வருஷமாக அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. மைதானத்தில் அவள் எதிரே வந்தால் அவர் வானத்தைப் பார்ப்பார், இவள் புல்லைப் பார்ப்பாள். பொங்கலுக்குப் புடவை கொடுக்கும்போதுகூட, அந்த மணல்குழிக்காரிக்கும் ஒண்ணு என்றுதான் சொல்லி அனுப்புவாள். ஒரு பேரைச் சொல்ல மூன்று எழுத்தோ நாலு எழுத்தோ, அதற்கு இத்தனை கனமா? நாக்கு புரளவில்லை. கையில் ஏழாம் நம்பர் வந்தது, திரும்ப விட்டாள், எட்டாம் நம்பரை எடுத்தாள், பிடியில் ஈரம் படிந்திருந்தது, துண்டைத் தேடினாள்.

அன்றைக்கும் இதே மேடு. இதே பனி, ஆனால் இத்தனை அடர்த்தி இல்லை, கிழிந்து கிழிந்து நகர்கிற பனி. மணி அன்றைக்கும் அடிக்கவில்லை. மறந்துட்டுப் போயிருப்பானுங்க என்று சென்னியப்பன் பந்தை வைத்தார். அவர் மட்டையைத் தூக்கின அந்த நொடியில் பனி ஒரு முழம் விலகி, கீழே கிரீன் ஓரத்தில் குந்தியிருந்து களை எடுக்கிற முதுகு ஒன்று பூங்கோதைக்குத் தெரிந்தது. அன்றைக்கும் நீலச் சொட்டர். வாயைத் திறந்தாள். அதை அவள் சத்தியம் பண்ணிச் சொல்வாள், திறந்தாள். ஆனால் சத்தம் வரவில்லை. வீசுகிற கையை நிறுத்தினால் திட்டுவாரே என்று ஒரு கால் நொடி யோசித்தாளா, அல்லது யோசிக்கவே இல்லையா, தொண்டை தானாகவே அடைத்துக்கொண்டதா, எத்தனை தரம் திருப்பிப் பார்த்தாலும் அந்த இடம் மட்டும் சரியாகத் தெரிவதில்லை. பந்து போயிற்று. அவர் கத்தவில்லை. கீழே இருந்து ஒரு சத்தம் வந்தது, விறகுக் குச்சி முறிகிற மாதிரி, அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுகை வந்தது. மணிக்கட்டு. பிறகு கிளப் ஆபீசில் நாலு நாற்காலி போட்டு விசாரித்தார்கள். செக்ரட்டரி அப்போது ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர், நல்ல மனுஷன். ஃபோர் சொன்னீங்களா சார் என்று கேட்டார். சென்னியப்பன், தொண்டை கிழியக் கத்துனேன், அவ காதுல விழல, செவிடாட்டம் குந்தியிருந்தா, என்றார். செக்ரட்டரி இவள் பக்கம் திரும்பினார். அம்மா, நீங்க கேட்டீங்களா? இவள் தலையை ஆட்டினாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. மேலும் கீழும் ஒரே ஒரு ஆட்டு. அது போதுமாக இருந்தது.

அவ்வளவுதான், அன்றிலிருந்து அவள் செவிட்டு மங்காயி. காது கேட்காதவளைப் பந்து பறக்கிற இடத்தில் களை எடுக்க விடக் கூடாது என்று மணல்குழிக்கு மாற்றினார்கள். அது அவளுடைய நல்லதுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். மேஸ்திரி அவளிடம் கையால் ஜாடை காட்டுவான். புதுசாக வந்த ஆட்கள் பக்கத்தில் போய் உரக்கக் கத்துவார்கள். அவள் முதலில் ஒன்றிரண்டு மாசம், எனக்கு நல்லாக் கேக்குதுங்க என்று சொல்லிப் பார்த்தாள் போலிருக்கிறது. அப்புறம் விட்டுவிட்டாள். ஜாடை காட்டினால் ஜாடையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆனால் பூங்கோதைக்குத் தெரியும். சவுக்கு மரத்தில் குருவி சத்தம் போட்டால் மங்காயி தலை அந்தப் பக்கம் திரும்பும். கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தால் பலகையை வைத்துவிட்டுச் சோற்றுத் தூக்கை எடுப்பாள். ஒரு நாள் பூங்கோதை தன் பேத்தியோடு போனில், அடுத்த வாரம் வர்றியா கண்ணு என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டு நடந்தபோது, இருபதடி தள்ளி மங்காயி தனக்குத்தானே சிரித்ததைப் பார்த்தாள். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. காது கேட்கிறவளைச் செவிடாக்கியது பந்து இல்லை, தான் தலையை ஆட்டின ஒரு ஆட்டு என்று தோன்றியது. தோன்றி என்ன செய்ய, காலையில் எழுந்து காபி போட்டாள்.

பாட்டுச் சத்தம் நின்று எத்தனை நேரமாச்சு, என்றார் சென்னியப்பன். போயிட்டானுங்க. மணி அடிக்கணும்னு அந்த மேனர்ஸ் கெட்டதுகளுக்கு எங்க தெரியும். ஆமாம், பாட்டு நின்றுவிட்டது. பூங்கோதை காதைக் கொடுத்துக் கேட்டாள். பனிக்குள் சத்தம் ஒரு மாதிரி மிதந்து வருகிறது, எது பக்கம் எது தூரம் தெரியவில்லை. மரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர். தன் மூச்சு. எங்கேயோ சர், சர் என்று ஒரு சத்தம். மணலில் பலகை இழுக்கிற சத்தமா, இலை உரசுகிற சத்தமா? இப்படியே வெள்ளையாகவே இருந்துவிட்டால் எத்தனை நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் யாரையும் அடிக்க முடியாது. மட்டையும் வேண்டாம், குழியும் வேண்டாம், எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றபடியே நின்று, பனி காதுக்குள் மூக்குக்குள் புகுந்து, அப்படியே கரைந்துபோய்விடலாம். காலேஜில் த்ரோபால் ஆடினபோது அவள்தான் கேப்டன். பந்து மேலே வரும்போது, என்ற பந்து, என்று கத்துவாள், ஹாஸ்டல் சமையல்கட்டு வரைக்கும் கேட்குமாம். வார்டன் அவளுக்குச் சங்கு என்று பேர் வைத்திருந்தாள். கல்யாணம் ஆகிப் புகுந்த வீட்டில் முதல் வாரமே, சிரிக்கிற சத்தம் வாசலுக்கு வருது என்று மாமியார் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, உப்பு கொஞ்சம் கம்மி என்கிற மாதிரிதான் சொன்னாள். அதற்கப்புறம் அந்தக் குரல் எங்கே போயிற்று? ஒரு குரல் போவதென்றால் அது எங்கேயாவது போய் இருக்க வேண்டுமே. தொட்டுப் பார்த்தாள், தொண்டைக் குழி சில்லென்று இருந்தது, உள்ளே ஒன்று துடித்துக்கொண்டுதான் இருந்தது.

இன்னொரு தரம் எட்டாம் நம்பர், இன்னொரு தரம் ஏழு. கொஞ்சம் பொறுங்க, எது சரியாயிருக்கும்னு தெரியல, என்றாள். பொய்தான், அவளுக்குத் தெரிந்த அத்தனை தைரியமும் அந்தப் பொய்க்குள்தான் இருந்தது. சென்னியப்பனுக்குப் பொறுமை தீர்ந்தது. பொம்மைச் சாமான் வாங்குனா இப்புடித்தான், தள்ளு, என்று அவளைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். புல்லில் குச்சியை ஊன்றிப் பந்தை வைத்தார். பந்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத வெள்ளையில் அது மட்டும் ரொம்பத் தெளிவாக இருந்தது. ஏனுங்க, என்றாள். வேண்டாங்க. அது அவருக்குக் கேட்டதா என்று தெரியாது, அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. மட்டை மேலே போயிற்று. பதினெட்டு வருஷத்துக்கு முந்தின மட்டையும் அதோடு சேர்ந்து மேலே போன மாதிரி இருந்தது. இறங்கியது. நல்ல அடி, நடுவில் பட்ட சத்தம். பந்து பனிக்குள் நுழைந்த இடம்கூடத் தெரியவில்லை.

"ஃபோர்!"

முதலில் அது தன் குரல் என்று பூங்கோதைக்குத் தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, சரிவில் உருண்டு, எதிர்மலையில் முட்டித் திரும்பி வந்தது. திரும்பி வந்தது அவள் காதில் பட்டபோதுதான், அட, இங்கேயே இருந்திருக்கிறாயா நீ, என்று இருந்தது. மட்டை கையிலிருந்து விழுந்தது. கீழே ஒரு சத்தமும் இல்லை. பொத்தென்று பந்து விழுகிற சத்தமும் இல்லை, அந்த இன்னொரு சத்தமும் இல்லை. அந்த இன்னொரு சத்தத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள், மூச்சை விடாமல்.

சென்னியப்பன் திரும்பி, பைத்தியமா உனக்கு, அங்க எவன் இருக்கான்னு இந்தக் கத்து கத்தற, என்று கேட்டார்.

"மங்காயி இருக்கா," என்றாள் பூங்கோதை. வந்துவிட்டது. சொன்னால் இவ்வளவுதான். "அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்ங்க. அன்னைக்கு நீங்க கத்தல. நானும் கத்தல."

அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் கீழே வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் நீளமாக ஏறி வந்தது. "கேட்டுச்சுங்கம்மோவ்! எல்லாரையும் குந்த வச்சுட்டேனுங்க, ஆருக்கும் ஒண்ணுமில்லீங்க!"

சென்னியப்பன் தன் மட்டையின் முகத்தில் ஒட்டியிருந்த புல்லை விரலால் சுரண்ட ஆரம்பித்தார். அதில் புல் அதிகம் இல்லை. எதுக்கு இப்ப அந்தப் பழைய கதையெல்லாம், என்று மெதுவாகச் சொன்னார். பூங்கோதை தன் ஏழாம் நம்பரைப் புல்லிலிருந்து எடுத்துப் பையில் சொருகினாள். பையை அங்கேயே விட்டுவிட்டுச் சரிவில் இறங்கினாள். வழுக்கியது, பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டாள். கீழே போகப் போகப் பனி ஒரு ஆளாக, இரண்டு ஆளாக மாறியது. நாலு விருந்தாளிகளும் முழங்காலில் ஈரத்தோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். காணாமல் போன பந்து ஒன்றைத் தேடப் பாட்டை நிறுத்தியிருக்கிறார்கள், மணி ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது ஒருத்தன் முகத்திலும் ரத்தமில்லை, சாரி ஆன்ட்டி என்று அவளிடமே மன்னிப்புக் கேட்டான், பாவம். மணல்குழிக்குள் மங்காயி நின்றாள். அவளுக்கு இரண்டடி தள்ளி மணலில் சென்னியப்பனின் பந்து பாதி புதைந்து கிடந்தது. மங்காயி இவளைப் பார்த்தாள். வானத்தையும் பார்க்கவில்லை, புல்லையும் பார்க்கவில்லை. இவளும் பார்த்தாள்.

"என்னோட ஆபீஸ் வரைக்கும் வர்றியா மங்காயி?"

"நான் எதுக்குங்கம்மா?"

"நான் சொல்றதக் கேக்கறதுக்கு."

மங்காயி பலகையை மணலில் ஊன்றினாள். நெளிந்த கையால் சொட்டரின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டாள். பதினெட்டு வருஷம் கழித்துக் கூப்பிட்டால் உடனே வந்துவிட வேண்டுமா என்ன, என்று பூங்கோதைக்குத் தோன்றியது. வரமாட்டேன் என்று சொன்னாலும் சரி, தான் மட்டுமாவது போவது என்று நினைத்துக்கொண்டாள். செக்ரட்டரி மாறிவிட்டார், அந்த நாலு நாற்காலியும்கூட இருக்காது. இருந்தாலும் போவது. இத இழுத்து முடிச்சுட்டு வர்றனுங்க, என்றாள் மங்காயி கடைசியில், சாதாரணமாக. பந்தைக் குனிந்து எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, அது விழுந்த பள்ளத்திலிருந்து ஆரம்பித்து, தன் காலடிகளையும் சேர்த்து, பின்னால் நடந்து நடந்து பலகையை இழுத்தாள். சர், சர். மேலே கேட்டது இந்தச் சத்தம்தான். ஒரு கையில் வலு கம்மி என்பதால் மெதுவாகத்தான் ஆயிற்று. அவசரம் ஒன்றும் இல்லை. பூங்கோதை ஓரத்தில் நின்று, முடிகிற வரைக்கும் காத்துக்கொண்டிருந்தாள். நாலு விருந்தாளிகளும் அடுத்த குழிக்கு நகர்ந்த பிறகு இவர்கள் இரண்டு பேரும் கிரீனை விட்டு வெளியே வந்தார்கள். மரத்தடிக்கு வந்ததும் மங்காயி கயிற்றைப் பிடித்து மணியை இரண்டு தரம் அடித்தாள். இனி மேலே இருக்கிறவர் அடிக்கலாம்.